எந்தப் பட்டாளம், எந்த வருஷம்? மாமன்ற உறுப்பினருக்கு ஒரு திறந்த மடல்

மாமன்ற உறுப்பினர் அவர்களுக்கு,

வரும் டிசம்பர் 16 வெற்றி தினத்தன்று நம் பகுதிப் பூங்காவில் போர்வீரர் நினைவுத்தூண் திறக்கப்போகிறீர்கள். அழைப்பிதழை உங்கள் ஆட்கள் என் வீட்டிலும் கொடுத்துவிட்டுப் போனார்கள். உள்பக்கத்தில் கல்வெட்டு வாசகத்தையும் அச்சடித்திருக்கிறீர்கள். முதல் வரியில் நாட்டுக்காக உயிர்நீத்தவர்களுக்கு வணக்கம். அதற்கு அடுத்த நான்கு வரிகளும் உங்களைப் பற்றி. யாழ்ப்பாணப் போர்முனையில் குண்டடிபட்டவர், கார்கில் களம் கண்டவர், இருமுறை போர் கண்ட மாவீரர். செத்தவர்களுக்கு ஒரு வரி, உயிரோடு இருக்கும் உங்களுக்கு நான்கு. அரசியலில் இதெல்லாம் சகஜம் என்று அதைக்கூட விட்டிருப்பேன். ஆனால் அந்த நான்கு வரிகளும் நீங்களே இதுவரை மேடைக்கு மேடை சொல்லிவந்ததோடு ஒத்துப்போகவில்லை. பேச்சு காற்றோடு போகும். கல்லில் வெட்டிவிட்டால் நாளைக்கு அதுதான் வரலாறு. அதனால் கல் வெட்டுவதற்கு முன்பே எழுதிவிடுகிறேன்.

நான் ராணுவத்தில் கிளார்க்காகச் சேர்ந்து ஹவில்தாராக ஓய்வுபெற்றவன். 1987இல் இந்தியா இலங்கைக்கு அனுப்பிய அமைதிப்படையோடு போய் பலாலியிலும் திரிகோணமலையிலும் இருந்திருக்கிறேன். என் கையில் இருந்தது பெரும்பாலும் ரெமிங்டன் தட்டச்சுப்பொறிதான். பட்டாளத்தில் எங்களை ‘பாபு’ என்பார்கள். கொஞ்சம் கிண்டலாகத்தான். ஆனால் லீவு, சம்பளம், புரமோஷன், பென்ஷன் எல்லாம் பாபுவின் மேஜையைத் தாண்டித்தான் போக வேண்டும் என்பதால் கிண்டல் ஒரு அளவோடு நிற்கும். உங்களிடம் நான் கேட்கப்போவதும் ஒரு பாபுவின் கேள்விகள்தான். தைரியம் இருந்ததா, தேசபக்தி இருந்ததா என்பதெல்லாம் என் வேலை இல்லை. எந்த நம்பர், எந்த யூனிட், எந்தத் தேதி. இவ்வளவுதான்.

உங்கள் தேர்தல் நோட்டீஸை எடுத்துக்கொள்வோம். பழைய பேப்பரோடு போட மனமில்லாமல் வைத்திருந்தேன். 1987 அக்டோபரில் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத் தாக்குதலில் மெட்ராஸ் ரெஜிமென்ட் வீரராக முன்னணியில் நின்றீர்கள் என்று அதில் இருக்கிறது. அதே பிரச்சாரத்தில் இளைஞர் கூட்டம் ஒன்றில், விடியற்காலையில் படகில் போய் இறங்கியதாகவும் தண்ணீர் நெஞ்சளவு இருந்ததாகவும் விவரித்தீர்கள். அந்தக் காணொளியை இன்றும் உங்கள் பக்கத்திலேயே பார்க்கலாம்.

அக்டோபர் 11 நள்ளிரவை ஒட்டி நடந்த தாக்குதல் அது. புலிகளின் தலைமையைப் பிடிப்பதற்காக எம்.ஐ. 8 ஹெலிகாப்டர்களில் பல்கலைக்கழக மைதானத்தில் ஆட்களை இறக்கினார்கள். அங்கே படகும் கிடையாது, நெஞ்சளவு தண்ணீரும் கிடையாது. இறங்கியவர்கள் 10ஆவது பாரா கமாண்டோ, 13ஆவது சீக்கிய லைட் இன்ஃபன்ட்ரி ஆகிய இரண்டு படைப்பிரிவைச் சேர்ந்தவர்கள். சீக்கிய லைட் இன்ஃபன்ட்ரியில் இருந்து அந்த மைதானத்தில் இறங்க முடிந்தது ஒரு பிளாட்டூன் மட்டுமே. 30 பேர். அடுத்தடுத்து வந்த ஹெலிகாப்டர்கள் சுடப்பட்டதால் மீதிப்பேரை இறக்கவே முடியவில்லை. அந்த 30 பேரில் 29 பேர் அங்கேயே செத்தார்கள். உயிர்தப்பிய ஒருவரைப் புலிகள் சிறைபிடித்தார்கள். இதெல்லாம் ரகசியம் இல்லை, அமைதிப்படையில் இருந்த எவரும் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வார். நீங்கள் சீக்கியர் இல்லை. பாரா கமாண்டோ என்று இதுவரை சொல்லிக்கொண்டதும் இல்லை. அப்படியானால் அந்த மைதானத்தில் எந்த யூனிட்டோடு நின்றீர்கள்?

மெட்ராஸ் ரெஜிமென்ட்டின் பட்டாலியன்கள் இலங்கைக்குப் போயின, சண்டையிட்டன, ஆட்களை இழந்தன. அதில் நீங்கள் இருந்திருந்தால் உங்களுக்கென்று சொந்தமாக ஒரு கதை இருந்திருக்கும். பஞ்சாப்காரப் பையன்களின் சாவைக் கடன் வாங்கியிருக்க மாட்டீர்கள்.

அப்புறம் மே மாதம் வந்தது. முள்ளிவாய்க்கால் நினைவேந்தல் கூட்டத்தில் பேசினீர்கள். அங்கே கதை முழுக்கத் திரும்பிவிட்டது. ‘என் தமிழ்ச் சொந்தங்களைச் சுட மாட்டேன் என்று துப்பாக்கியை அதிகாரியின் காலடியில் போட்டுவிட்டு, 1988இல் பட்டாளத்தை விட்டே வெளியேறியவன் நான்’ என்றீர்கள். கைதட்டல் அடங்க நேரமானது. எனக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்த ஒரு ஈழத்துப் பெரியவர் கண்ணைத் துடைத்துக்கொண்டார். உங்கள் பேச்சில் எனக்குக் கோபம் வந்ததே அவரைப் பார்த்த பிறகுதான்.

பட்டாளத்தை விட்டு அப்படி நடந்து வெளியே வர முடியாது, ஐயா. களப்பணியில் இருக்கும்போது மேலதிகாரியின் உத்தரவை மீறினால் 1950ஆம் ஆண்டு ராணுவச் சட்டத்தின் 41ஆம் பிரிவின்படி 14 ஆண்டு வரை சிறை. கோர்ட் மார்ஷல் நடக்கும். சாட்சி வாக்குமூலம், குற்றப்பத்திரிகை, தீர்ப்பு, மேலிடத்து ஒப்புதல் என்று ஒரு ஃபைல் கட்டாகச் சேரும். அதைத் தட்டச்சு செய்ய என்னைப் போல ஒரு பாபு ராத்திரி முழுக்க உட்கார்ந்திருப்பான். மனசாட்சிக்காக ஒருவர் அப்படி நின்றிருந்தால் அவருக்கு நான் எழுந்து நின்று சல்யூட் அடிப்பேன், உண்மையாகவே. ஆனால் அவருக்குத் தண்டனை விவரம் இருக்கும், டிஸ்மிஸ் உத்தரவு இருக்கும். உங்கள் வேட்புமனுப் பிரமாணப் பத்திரத்தில் தண்டனை பற்றிய பகுதியில் எதுவும் இல்லை. தொழில் என்ற இடத்தில் ‘ஓய்வூதியம் பெறும் முன்னாள் ராணுவ வீரர்’ என்று இருக்கிறது.

இந்த ஓய்வூதியத்தைக் கொஞ்சம் நிதானமாகப் பார்க்க வேண்டும், ஏனென்றால் இதுதான் என் துறை. சிப்பாய், நாயக், ஹவில்தார் தரத்தில் இருப்பவருக்குச் சர்வீஸ் பென்ஷன் கிடைக்கக் குறைந்தது 15 ஆண்டு சேவை வேண்டும். கோட்டையில் இருக்கும் ஆள்சேர்ப்பு அலுவலகத்தில் 1985இல் சேர்ந்ததாக நீங்களே சொல்லியிருக்கிறீர்கள். 1988இல் வெளியே வந்திருந்தால் மூன்று வருஷம்தான். பென்ஷன் வராது. காலில் குண்டடிபட்டு மருத்துவக் காரணத்தால் அனுப்பப்பட்டிருந்தால் 15 ஆண்டு தேவையில்லை, உடல் ஊனத்துக்கான பென்ஷன் உண்டு. ஆனால் அப்படி 1988இல் வீட்டுக்கு வந்தவர் 1999இல் கார்கில் மலையில் ஏறியிருக்க முடியாது. கார்கிலில் இருந்தது நிஜம் என்றால் துப்பாக்கியைக் கீழே போட்டது பொய். துப்பாக்கியைப் போட்டது நிஜம் என்றால் பென்ஷனும் கார்கிலும் பொய். இந்த மூன்றையும் ஒரே ஆளின் சர்வீஸ் புத்தகத்தில் எப்படி எழுதுவது என்று ஒரு நாள் முழுக்க யோசித்தேன். எழுத முடியாது.

காலில் பட்ட குண்டும் இடம் மாறிக்கொண்டே இருக்கிறது. நோட்டீஸில் வலது முழங்கால். கார்கில் நினைவு நாளில் பள்ளிப் பிள்ளைகள் முன்னால் வேட்டியை லேசாகத் தூக்கிக் காட்டியது இடது கெண்டைக்கால், அதுவும் குண்டு இல்லை, ஷெல் சிதறல் என்றீர்கள். ஒரு யூடியூப் பேட்டியில் கண்ணிவெடி. பட்டாளத்தில் ஒருவருக்குப் பிள்ளை பிறந்தாலே ‘பார்ட் டூ ஆர்டர்’ போடுவோம். கல்யாணமா, பார்ட் டூ ஆர்டர். லீவில் போனானா, திரும்பினானா, பல் பிடுங்க ஆஸ்பத்திரியில் சேர்ந்தானா, எல்லாவற்றுக்கும் ஒரு வரி, ஒரு தேதி. எதிரியின் குண்டு பட்டவனுக்கு அந்த ஒரு வரி இல்லாமல் போகுமா? காயத்துக்கென்றே பதக்கம் உண்டு, இப்போது அதற்குப் பராக்ரம் பதக் என்று பெயர். உங்கள் போஸ்டரில் அது இல்லை.

அதற்குப் பதில் போஸ்டரில் இருப்பதைப் பார்த்துத்தான் எனக்குச் சிரிப்பு வந்தது. கோட்டுப் பையின் மேல் வரிசையாகக் குத்தியிருக்கும் பதக்கங்களைப் பெரிதாக்கிப் பார்த்தேன். அதில் ஒன்று பஸ்சிமி ஸ்டார். 1971 போரில் மேற்குப் போர்முனையில் இருந்தவர்களுக்குக் கொடுத்தது. உங்கள் பிரமாணப் பத்திரத்தில் இருக்கும் வயதை வைத்துப் பார்த்தால் அன்றைக்கு உங்களுக்கு ஐந்து வயது. பதக்கத்தின் விளிம்பிலோ பின்பக்கத்திலோ வாங்கியவரின் நம்பர், ரேங்க், பெயர் பொறித்திருக்கும். எடுத்து ஒருமுறை படித்துப்பாருங்கள். ஏதோ ஒரு வீட்டில் பெரியவர் இறந்த பிறகு பழைய சாமான் கடைக்குப் போன பதக்கமாக இருக்கும். அந்தக் குடும்பம் இன்னும் இந்த ஊரிலேயே இருக்கலாம். போஸ்டரில் உங்கள் பெயருக்கு முன்னால் ‘சுபேதார்’ என்றும், இரண்டு தெரு தள்ளி ஒட்டிய இன்னொன்றில் ‘கேப்டன்’ என்றும் போட்டிருக்கிறார்கள். தமிழ்நாட்டில் கேப்டன் என்றால் யாருக்கும் ராணுவம் நினைவுக்கு வராது என்பதால் அதைப் பெரிதுபடுத்தவில்லை.

இவ்வளவும் எழுதியதால் நீங்கள் பட்டாளத்திலேயே இருந்ததில்லை என்று நான் சொல்வதாக நினைக்க வேண்டாம். இருந்திருக்கிறீர்கள் என்றுதான் நினைக்கிறேன். நடையில் தெரிகிறது. கேன்டீன் கார்டை நீங்கள் எடுத்து நீட்டும் விதத்தில் தெரிகிறது. கூட நின்ற சிலர் சொல்வதையும் கேட்டிருக்கிறேன். அமைதிப்படை நாட்களில் நீங்கள் மெட்ராஸிலேயே பணியில் இருந்ததாகவும், துறைமுகத்தில் சரக்கு ஏற்றும் டியூட்டி பார்த்ததாகவும் சொல்கிறார்கள். அது உண்மையா என்று எனக்கு உறுதியாகத் தெரியாது, உங்களுக்குத்தான் தெரியும். உண்மையாக இருந்தால், அதில் மறைக்க என்ன இருக்கிறது?

அந்த இரண்டே முக்கால் வருஷமும் இந்த ஊர்தான் எங்களுக்குப் பின்பலம். அமைதிப்படைத் தலைமையகமே இங்கேதான் இருந்தது. அரிசி, பருப்பு, மண்ணெண்ணெய், தோட்டா, மருந்து, கடிதம், எல்லாம் இந்தத் துறைமுகத்தையும் மீனம்பாக்கத்தையும் தாண்டித்தான் எங்களுக்கு வந்தன. போனவர்கள் இங்கிருந்து போனார்கள், காயம்பட்டவர்கள் இங்கே வந்து இறங்கினார்கள். பலாலியில் ஒரு வாரம் கப்பல் தாமதமானால் லங்கரில், அதாவது பட்டாளச் சமையல்கூடத்தில், பருப்பு தண்ணீராகிவிடும், சிகரெட்டுக்குச் சண்டை வரும். துறைமுகத்தில் வெயிலில் நின்று மூட்டை எண்ணியவனை நாங்கள் யாரும் குறைத்துப் பேசியதில்லை. நானே மேஜைக்குப் பின்னால் இருந்தவன்தான், மூட்டை எண்ணியவனை விட எனக்கு என்ன பெருமை? அந்த நேர்மையான வேலையைச் சொல்லிக்கொள்ள நீங்கள் வெட்கப்படுவதுதான், அதே வேலையைப் பார்த்த ஆயிரக்கணக்கான பேருக்கு அவமானம்.

அங்கே பாபுக்கள் பார்த்த ஒரு வேலையைப் பற்றி மட்டும் உங்களுக்குச் சொல்ல வேண்டும். ஒருவர் சண்டையில் செத்தால் அவருடைய சொந்தச் சாமான்களைக் கணக்கெடுத்து வீட்டுக்கு அனுப்ப ஒரு குழு போடுவார்கள். ‘கமிட்டி ஆஃப் அட்ஜஸ்ட்மென்ட்’ என்று பெயர். ஒரு அதிகாரி, கூட இரண்டு பேர், எழுதிக்கொள்ள ஒரு கிளார்க். ட்ரங்குப் பெட்டியைத் திறந்து ஒவ்வொன்றாக எடுத்துச் சொல்வார்கள், நான் எழுதுவேன். எச்.எம்.டி. கைக்கடிகாரம், ஒன்று. ஸ்வெட்டர், ஒன்று, வீட்டில் பின்னியது. பேன்ட் பையில் பணம், இவ்வளவு ரூபாய், இவ்வளவு பைசா. மணியார்டர் ரசீதுகள். தங்கைக்கென்று வாங்கி வைத்த பவுடர் டப்பா, சீல் உடைக்காதது. எழுதி முடிக்காத இன்லேண்ட் கடிதம் இருந்தால் அதிகாரி அதைப் படிப்பார். வீட்டில் இருப்பவர்களை நோகடிக்கும்படி எதுவும் இருந்தால் அனுப்பக் கூடாது, அதற்காகத்தான். படித்துவிட்டு ஒன்றும் பேசாமல் என்னிடம் நீட்டுவார். நான் ‘கடிதம், ஒன்று, முடிவுறாதது’ என்று எழுதுவேன். கார்பன் வைத்து நான்கு பிரதி. நான்கிலும் எல்லோரும் கையெழுத்துப் போடுவோம்.

ஐந்து பைசா கூடவோ குறையவோ எழுத முடியாது. செத்தவன் கணக்கு அப்படி இருக்க வேண்டும் என்பது பட்டாளத்தின் விதி. அதை எழுதிய கையோடு நான் உங்கள் அழைப்பிதழைப் படிக்கிறேன். 1,100க்கும் மேற்பட்ட இந்திய வீரர்கள் அந்தத் தீவில் செத்தார்கள். அவர்கள் வீட்டுக்குப் போன கணக்கில் ஒரு சீப்பைக்கூட நாங்கள் கூட்டிச் சொன்னதில்லை. நீங்கள் உங்களுக்கென்று ஒரு யுத்தத்தையே கூட்டிக்கொண்டீர்கள்.

வேறொரு போரைப் பற்றி இப்படிக் கதை அளந்திருந்தால் எனக்கு இவ்வளவு உறுத்தியிருக்காது. அமைதிப்படை விஷயம் தமிழ்நாட்டில் இன்னும் ஆறாத புண். 1990 மார்ச் 24ஆம் தேதி கடைசி அணி திரிகோணமலையை விட்டுக் கிளம்பி இங்கே வந்து இறங்கியபோது, அன்றைய முதல்வர் கலைஞர் கருணாநிதி வரவேற்புக்கு வரவில்லை. தமிழர்களைக் கொன்ற படையை வரவேற்க முடியாது என்பது அவர் நிலைப்பாடு. அது சரியா தவறா என்று முன்னாள் படைவீரர் கூட்டங்களில் இன்றைக்கும் குரல் உயரும். எனக்கே இரண்டு மனசு உண்டு. 1987 அக்டோபர் 21, 22 தேதிகளில் யாழ்ப்பாணப் பெரியாஸ்பத்திரிக்குள் டாக்டர்களும் நர்சுகளும் நோயாளிகளும் எங்கள் படையின் துப்பாக்கியால் கொல்லப்பட்டார்கள். அதைக் கேட்டுவிட்டுப் பெருமையாக மார் தட்ட என்னால் முடியாது. அதே சமயம் அடுத்த மாதம் நவம்பர் 25ஆம் தேதி, மார்பில் குண்டு வாங்கிக்கொண்டே தன் ஆட்களைக் காப்பாற்றிவிட்டுச் செத்த மேஜர் ராமசாமி பரமேஸ்வரனை மறக்கவும் முடியாது. அவர் தமிழர், இந்த ஊர் அதிகாரிகள் பயிற்சிப் பள்ளியில் பயின்று 1972இல் பட்டாளத்துக்குப் போனவர். நாட்டின் உயரிய போர்க்கள வீர விருதான பரம்வீர் சக்ரா வாங்கியவர். இன்றும் அங்கே பயிற்சி மைதானத்துக்கு அவர் பெயர்தான்.

ஊரில் இறங்கியபோது எங்களில் பலர் சீருடையைக் கழற்றிப் பைக்குள் வைத்துவிட்டுத்தான் வீட்டுக்குப் போனோம். பஸ்ஸில் ஒருவன் ‘எத்தன பேரச் சுட்ட?’ என்று கேட்டான். பதில் சொல்லவில்லை. பல வருஷம் எவரும் எதுவும் சொல்லவில்லை, பெண்டாட்டி பிள்ளையிடம்கூட. அந்த மௌனத்தில் நீங்கள் கடை விரித்திருக்கிறீர்கள். நாங்கள் பேசாததால் எதை வேண்டுமானாலும் சொல்லலாம் என்றாகிவிட்டது. முன்னாள் படைவீரர் வந்தால் குண்டடிபட்ட வீரர். ஈழ ஆதரவாளர் வந்தால் துப்பாக்கியை எறிந்த போராளி. துறைமுகத்தில் எங்களுக்கு மாலை போட ஆள் வரவில்லை என்று எங்களிடம் குரல் உடைந்து பேசுகிறீர்கள். மே மாதக் கூட்டத்தில் அன்று வராமல் போனதுதான் தமிழனின் மானம் என்கிறீர்கள். இதில் ஏதாவது ஒன்றை நீங்கள் நம்பினால் அதோடு எனக்குச் சண்டையே இல்லை. இரண்டு கூட்டத்தின் துக்கத்தையும் ஒரே பையில் போட்டு ஓட்டாக மாற்றுவதைத்தான் என்னால் பொறுக்க முடியவில்லை.

இதை முதலில் வெளியே கொண்டுவர எனக்கு விருப்பம் இல்லை. உங்கள் வட்டச் செயலாளரிடம் நேரில் சொன்னேன். தம்பி பொறுமையாகத்தான் கேட்டார். கேட்டுவிட்டு, ‘அய்யா, அண்ணன் மேல உங்களுக்கு என்ன வருத்தம்னு தெரியல. கல்வெட்டுல உங்க பேரும் வரணும்னா சொல்லுங்க, போட்டுரலாம்’ என்றார். கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை, அவருக்குத் தெரிந்த வழி அது. ஆனால் அதைக் கேட்ட பிறகுதான் இதை எல்லோர் முன்னாலும் எழுதுவது என்று முடிவு செய்தேன். எதிர்க்கட்சிக்காரர்கள் என்னைத் தூண்டிவிட்டதாக நீங்கள் சொல்லலாம். உங்களுக்குத்தான் கடந்த முறை ஓட்டுப் போட்டேன். எங்கள் தெருவில் மழைநீர் வடிகாலைச் சரிசெய்து கொடுத்தது நீங்கள்தான், அதை இல்லையென்று சொல்ல மாட்டேன்.

போலீசுக்குப் போகும் எண்ணமும் எனக்கில்லை. ராணுவச் சீருடையோ சின்னமோ அணிந்து ஏமாற்றினால் பழைய இந்தியத் தண்டனைச் சட்டத்தில் 140ஆம் பிரிவு, இப்போதைய பாரதிய நியாய சம்ஹிதாவில் 168. மூன்று மாதம் வரை சிறை. வாயால் சொல்லும் பொய்க்கு அதில் இடமில்லை. அமெரிக்காவில் பதக்கம் வாங்கியதாகப் பொய் சொல்வதையே குற்றமாக்கிச் சட்டம் போட்டார்கள். கலிபோர்னியாவில் குடிநீர் வாரியத்துக்குத் தேர்ந்தெடுக்கப்பட்ட ஒருவர் அந்த நாட்டின் உயரிய வீரப் பதக்கம் பெற்றதாகக் கூட்டத்தில் அளந்து மாட்டினார். வழக்கு மேலே போனது. பொய்யும் பேச்சுரிமைதான் என்று 2012இல் உச்ச நீதிமன்றம் அந்தச் சட்டத்தையே தள்ளிவிட்டது. எனக்கு அந்தத் தீர்ப்பில் வருத்தமில்லை. கோர்ட்டுக்குப் போய்த் தீர்க்கிற விஷயமா இது?

அதே நாட்டில் 2010இல் ரிச்சர்ட் புளூமென்தால் என்பவர் செனட் தேர்தலில் நின்றார். வியட்நாம் போர்க் காலத்தில் மரைன் ரிசர்வ் படையில் உள்நாட்டில் இருந்தவர், சில மேடைகளில் வியட்நாமிலேயே பணியாற்றியதாகப் பேசியிருந்தார். பத்திரிகை அதை வெளியிட்டதும் முன்னாள் வீரர்களைக் கூட வைத்துக்கொண்டு செய்தியாளர்களைச் சந்தித்து, தவறாகப் பேசிவிட்டேன் என்றார். அரைமனதான விளக்கம்தான், எனக்கு முழுத் திருப்தி இல்லை. ஆனாலும் அந்தத் தேர்தலில் அவர் ஜெயித்தார், அதற்கடுத்த தேர்தல்களிலும் ஜெயித்தார். உண்மையைச் சொன்னால் ஓட்டுப் போய்விடும் என்று நீங்கள் பயப்படுவதாக இருந்தால் அதற்காக இதைச் சொல்கிறேன்.

உங்களிடம் நான் கேட்பது இவைதான்.

டிசம்பர் 16க்கு முன் அந்தக் கல்வெட்டு வாசகத்தை நிறுத்துங்கள். உங்களைப் பற்றிய நான்கு வரிகளும் எடுக்கப்பட வேண்டும். அந்த இடத்தில் மேஜர் பரமேஸ்வரன் பெயரையும், 1999 மே மாதம் கார்கில் போரில் பட்டாலிக்கில் வீரமரணம் அடைந்த திருச்சி மேஜர் சரவணன் பெயரையும் வெட்டுங்கள். இன்னும் இடம் இருந்தால் நம் பகுதியில் இருந்து போய்த் திரும்பாதவர்களின் பெயர்களைச் சேகரிக்க நாங்கள் வீடு வீடாகப் போகத் தயார். குடும்பத்தாரிடம் சம்மதம் கேட்டுத்தான்.

உங்கள் டிஸ்சார்ஜ் புத்தகம் உங்கள் வீட்டு பீரோவில் இருக்கும். அதை நான் தகவல் உரிமைச் சட்டத்தில் கேட்டால் மூன்றாம் நபர் விவரம் என்று மறுத்துவிடுவார்கள், அதனால் நீங்கள்தான் காட்ட வேண்டும். என்னிடம் காட்ட வேண்டாம். மாவட்ட முன்னாள் படைவீரர் நல அலுவலகத்தில், நீங்களே தேர்ந்தெடுக்கும் மூன்று முன்னாள் வீரர்கள் முன்னிலையில் காட்டுங்கள். சேர்ந்த தேதி, யூனிட், இலங்கையில் இருந்த காலம் இருந்தால் அது, வெளியே வந்த தேதியும் காரணமும். இந்த நான்கையும் அவர்கள் கையெழுத்தோடு உங்கள் பக்கத்தில் போடுங்கள். அதில் உள்ளது என் கடிதத்துக்கு மாறாக இருந்தால், இந்த மடலை வெளியிட்ட இடத்திலேயே அதையும் நான் வெளியிடுகிறேன்.

முள்ளிவாய்க்கால் கூட்டத்தில் சொன்னதைத் திருத்த வேண்டியது அந்தக் கூட்டத்தார் முன்னால்தான். கார்கில் நாளில் சொன்னதை அந்தப் பள்ளிப் பிள்ளைகளிடம் போய்த் திருத்துங்கள். பொதுவாக ஒரு வருத்த அறிக்கை விட்டுவிட்டு முடித்துவிடாதீர்கள்.

அந்தப் பஸ்சிமி ஸ்டாரில் இருக்கும் பெயரையும் நம்பரையும் எங்களுக்குக் கொடுங்கள். சம்பந்தப்பட்ட ரெக்கார்டு அலுவலகத்துக்கு எழுதிக் குடும்பத்தைக் கண்டுபிடிக்க முயற்சி செய்வோம். பதக்கம் அவர்களிடம் போக வேண்டும்.

உங்கள் கட்சித் தலைமைக்கும் ஒன்று. படைவீரர் படங்களைத் தேர்தல் விளம்பரத்தில் பயன்படுத்தக் கூடாது என்று தேர்தல் ஆணையம் 2013இலும் 2019இலும் கட்சிகளுக்குச் சொல்லியிருக்கிறது. அதோடு, ‘முன்னாள் ராணுவ வீரர்’ என்று போட்டு வேட்பாளரை நிறுத்துவதற்கு முன் அவருடைய டிஸ்சார்ஜ் புத்தகத்தை வாங்கிப் பாருங்கள். ஜாதிச் சான்றிதழ் கேட்கிறீர்கள், இதையும் கேளுங்கள்.

கல் வெட்டுகிறவர் டிசம்பர் முதல் வாரத்தில் வேலையைத் தொடங்குவதாகப் பூங்காக் காவலாளி சொன்னார். அதற்குள் எழுத்தில் பதில் வேண்டும். வராவிட்டால் திறப்பு விழாவன்று நாங்கள் சிலர் இந்தக் கடிதத்தின் பிரதியோடு பூங்கா வாசலில் நிற்போம், வருகிற ஒவ்வொருவரிடமும் கொடுப்போம்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற ஹவில்தார் (கிளார்க்),
உங்கள் வார்டு வாக்காளர், சென்னை